ஃபைலை எதில் திறப்பது: கொழிஞ்சாம்பாறைக் கடையில் நான் கற்றது

கடையில் நான் செய்த தவறுகளில் இன்னும் மனதை அறுப்பது ஒரு டபுள் கிளிக்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். டிடிபி, பிரிண்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர்ப் பக்கம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். பலகையில் மலையாளத்தில் 'போட்டோஸ்டாட்' என்றும் தமிழில் 'ஜெராக்ஸ்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மாநிலத்து ஃபைல்களும் என் கம்ப்யூட்டரில்தான் வந்து விழும்.

2022 ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பக்கத்து ஊர்ப் பால் சங்கத்துச் செக்ரட்டரி அண்ணன் ஒரு பென்டிரைவோடு வந்தார். "தம்பி, போனஸ் லிஸ்டுங்க. பேரெல்லாம் ஒழுங்கா வர்ற மாதிரி ஒரு பிரிண்ட் எடுத்துட்டு, ஃபைலை பேங்குக்கு அனுப்பற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். உள்ளே ஒரே ஒரு ஃபைல். அவர்கள் கணக்கு மென்பொருளிலிருந்து இறக்கிய .சிஎஸ்வி, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் மட்டும் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல். பெயர் தமிழில், வார்டு மலையாளத்தில், கடைசியில் வங்கிக் கணக்கு எண். நான் டபுள் கிளிக் செய்தேன். எக்செல் திறந்தது.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு சாய்த்த ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடி ஏ, மறுபடி வட்டத்துக்குள் ஆர். தாள் முழுக்க இதுதான். 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று முடிவு கட்டினேன். அண்ணன் கையில் பழைய அச்சுப் பிரதி இருந்ததால், அதைப் பார்த்து அத்தனை பெயரையும் மறுபடி அடித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. கணக்கு எண் இருந்த பத்தியில் நடுவில் புள்ளியும் 'இ+15' என்றும் சுருங்கித் தெரிந்தது. 'நம்பர்' என்று வடிவம் மாற்றிப் பத்தியை அகலமாக்கினேன். எண்கள் வரிசையாக வந்தன. பார்க்க அழகாக இருந்தது. அதே ஃபைலிலேயே சேவ் செய்து கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அண்ணன் மறுபடி வந்தார். பாதிப் பேருக்கு மேல் பணம் போகவில்லை, கணக்கு எண் தவறு என்று திரும்பியிருந்தது. லிஸ்டை நீட்டினார். அப்போதுதான் நானும் பார்த்தேன்: 16 இலக்க எண்கள் எல்லாமே பூஜ்யத்தில் முடிந்திருந்தன. ஒன்று விடாமல் எல்லாம்.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கத்தைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16ஆவது இலக்கம் எதுவாக இருந்தாலும் அதைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் பூஜ்யம் வைத்துத் தொடங்கும் கணக்கு எண்ணாக இருந்தால் அந்தப் பூஜ்யத்தையும் எடுத்துவிடும், ஏனென்றால் கணக்குப் போடும் செயலிக்கு 0045ம் 45ம் ஒன்றே. அது கணக்குப் போடச் செய்யப்பட்ட கருவி. கணக்கு எண் என்பது கூட்டிக் கழிக்கிற எண் இல்லை, அது ஒரு பெயர் மாதிரி. இந்த வித்தியாசம் தெரியாமல் நான்தான் பெயரைக் கொண்டுபோய்க் கணக்குப் போடுகிறவரிடம் கொடுத்தேன்.

எழுத்து உடைந்ததற்கும் ஃபைல் கெட்டது காரணமில்லை. யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறை. அதை யுடிஎஃப்-8 என்ற வகையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக, அதாவது மூன்று சேமிப்புத் துண்டாக, உட்காரும். அதில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றே. திறக்கிற செயலி 'இது யுடிஎஃப்-8' என்று புரிந்துகொள்ளாமல், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய ஆங்கில முறையில் படித்தால், அந்த இரண்டும் சாய்கோட்டு ஏ ஆகவும் வட்டத்து ஆர் ஆகவும் தெரியும். அதனால்தான் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தது. உங்கள் திரையில் அந்த ஜோடியைக் கண்டால் கவலைப்பட வேண்டாம், உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். திறந்த செயலியை மூடிவிட்டு வேறு வழியில் திறந்தால் போதும். ஆனால் சேவ் மட்டும் செய்யாதீர்கள். நான் சேவ் செய்யும் வரை அந்தப் பென்டிரைவில் எல்லாக் கணக்கு எண்ணும் முழுசாகத்தான் இருந்தது.

இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் ஒரு பாட்டி அந்த வாரம் கடைக்கே வந்தார். "சாமி, என்ற பேருல தப்பு இருக்குதுன்னாங்களே, என்ன தப்புங்க?" என்று கேட்டார். அவர் பெயரில் தப்பே இல்லை. ஓணத்துக்கு வரவேண்டிய பணம் அவருக்கு ஓணம் கழித்துத்தான் போனது.

அதற்குப் பிறகுதான் ஒரு ஃபைலை எந்தச் செயலி திறக்கிறது, யார் அதை முடிவு செய்கிறார்கள் என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அதுவரை பத்து வருடமாக அது என் கண்ணில் படாத விஷயம். டபுள் கிளிக் செய்தால் ஏதோ ஒன்று திறக்கும், அவ்வளவுதான்.

விண்டோஸ் ஃபைலின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும். .பிடிஎஃப் என்றால் இன்ன செயலி, .ஜேபிஜி என்றால் இன்ன செயலி என்று ஒரு பட்டியல் அதனிடம் உண்டு. எட்டெழுத்துப் பெயர், புள்ளி, மூன்றெழுத்து வகை என்று இருந்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்துப் பழக்கம் இது. லினக்ஸில் நடைமுறை கொஞ்சம் வேறு. அது பெயரையும் பார்க்கும், தேவைப்பட்டால் உள்ளே முதல் சில பைட்டுகளையும் படித்து, இது இன்ன வகை என்று ஒரு 'மைம் டைப்' முடிவு செய்யும். அந்த வகைக்கு எந்தச் செயலி என்பது அப்புறம் வருகிற கேள்வி.

இது எனக்கு நன்றாகப் புரிந்தது ஒரு பள்ளிக்கூடப் பெண்ணால். தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. கேரளத்துப் பள்ளிகளில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017இல் கைட் நிறுவனமாக மாறியது. அங்கே பிள்ளைகள் பழகுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸும், எம்எஸ் ஆபீஸ் மாதிரியான லிப்ரே ஆபீஸும்தான். அவள் பள்ளியில் அடித்த கட்டுரையை லிப்ரே ஆபீஸின் .ஓடிடி ஃபைலாக வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். வீட்டில் இருந்தது மாமா கொடுத்த விண்டோஸ் லேப்டாப். அதில் வேர்டும் இல்லை, லிப்ரே ஆபீஸும் இல்லை. 'எதில் திறக்க?' என்று கேட்டதும் பட்டியலில் தெரிந்த ஒரே பெயரான நோட்பேடைத் தொட்டு, 'எப்போதும்' என்றும் கொடுத்துவிட்டாள். அப்புறம் என்ன, எந்த .ஓடிடி வந்தாலும் நோட்பேடில் குப்பையாகக் கொட்டியது. "அண்ணா, வைரஸுங்களா?" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் குப்பையை இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். முதல் இரண்டு எழுத்து ஆங்கிலத்தில் பி, கே. அது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் ஃபைலின் அடையாளம். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள். .ஓடிடி, .டாக்எக்ஸ், .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எல்லாமே உள்ளே ஜிப் பொட்டலங்கள்தான். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், கட்டங்களுக்கும் கேள்விக்குறிகளுக்கும் நடுவே ஒரு வரி மட்டும் தெளிவான ஆங்கிலத்தில் 'மைம்டைப்' என்று தொடங்கி 'ஓப்பன்டாக்குமென்ட் டெக்ஸ்ட்' என்று முடிந்தது. தான் யார் என்று அந்த ஃபைலே முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறது. "அப்போ அதுக்குத் தெரியுதுங்களாண்ணா, நாந்தான் கட்டுரைன்னு?" என்று கேட்டாள். தெரியும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பை மட்டும் சுருக்காமல் பொட்டலத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார்கள், திறக்காமலே அடையாளம் காணட்டும் என்று.

லிப்ரே ஆபீஸை இலவசமாக இறக்கிப் போட்டுக் கொடுத்தேன். அதைப் போட்ட பிறகும் டபுள் கிளிக்கில் நோட்பேடே வந்தது. இங்கேதான் பலபேர் தடுமாறுகிறார்கள். விண்டோஸ் 8 முதல், ஒருவர் தன் கையால் 'எப்போதும்' என்று தேர்ந்தெடுத்ததைப் புதிதாக வருகிற செயலி சத்தமில்லாமல் மாற்ற முடியாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்ததையும் நாமேதான் போய் மாற்ற வேண்டும். ஃபைல் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', அதில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர், அப்புறம் 'ஆல்வேஸ்'. முடிந்தது. பட்டியலில் செயலியே இல்லாவிட்டால் கீழே தேடிப் பார்க்கவும் வழி உண்டு. வேர்ட் வைத்திருப்பவர்கள் .ஓடிடிக்காகப் புதிதாக எதையும் போட வேண்டியதில்லை. 2009இல் வந்த திருத்தத்திலிருந்து வேர்டே அதைத் திறக்கும். பக்க அமைப்பு அங்கங்கே நகரலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிலர் இதற்குக் குறுக்கு வழி என்று பெயரை மாற்றுகிறார்கள். .ஓடிடி என்பதை அழித்து .டாக்எக்ஸ் என்று எழுதுவது, ஐபோன் படத்தின் .ஹெச்இஐசியை .ஜேபிஜி என்று எழுதுவது. வீட்டுப் பலகையை மாற்றினால் உள்ளே குடியிருப்பவர் மாறமாட்டார். விண்ணப்பத் தளத்தில் படம் ஏறாமல் திரும்பத் திரும்ப முயன்று, கடைசித் தேதியன்று சாயங்காலம் ஓடி வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு செயலியில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, வகையை மாற்றிச் சேமித்தால்தான் உண்மையில் மாறும்.

விண்டோஸ் 7 காலத்தில் இன்னொரு தொல்லை அடிக்கடி வரும். திரையில் உள்ள எல்லா ஐகானும் ஒரே நாளில் பிடிஎஃப் ரீடர் படமாக மாறிவிடும். எதைத் தொட்டாலும் ரீடர்தான் திறந்து, திறக்க முடியவில்லை என்று சொல்லும். யாரோ ஒருவர் ஒரு ஷார்ட்கட்டை 'ஓப்பன் வித்' மூலம் ரீடரில் திறந்து, 'எப்போதும்' டிக்கையும் விட்டிருப்பார். ஷார்ட்கட்டுகளுக்கும் .எல்என்கே என்று ஒரு வால் உண்டு, அதை விண்டோஸ் காட்டுவதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த .எல்என்கேக்குக் கீழே இருக்கும் 'யூசர்சாய்ஸ்' என்ற கிளையை மட்டும் நீக்கினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். ஃபார்மட் அடிக்கத் தேவையே இல்லாத இந்தக் கோளாறுக்கு ஃபார்மட் அடித்துப் படங்களை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இப்போது சான்றிதழ் விஷயம். எல்லை ஊரில் இது தினசரி வேலை. ஒரு அக்கா, மகளைக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேர்க்க வேண்டும், சான்றிதழில் கேள்விக்குறி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வந்தார். டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட பிடிஎஃப். என் கம்ப்யூட்டரில் பிடிஎஃப் என்றால் குரோம் திறக்கும்படி இருந்தது. பார்க்கவும் பிரிண்ட் போடவும் வேகமாக இருக்கிறது என்று நானே வைத்தது. ஆனால் குரோம் அந்தப் பக்கத்தைக் காட்டும், கையெழுத்தைச் சரிபார்க்காது. மஞ்சள் கேள்விக்குறி அப்படியே அச்சில் வந்துவிடும். அதே ஃபைலை அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் சொடுக்கி, சான்றின் சங்கிலியில் உச்சியில் இருக்கும் சிசிஏ இந்தியா (டிஜிட்டல் கையெழுத்துகளுக்கான இந்திய அரசு அமைப்பு) என்ற மூலச் சான்றை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து, மறுபடி சரிபார்க்கச் சொன்னதும் பச்சை டிக் வந்தது. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். காகிதத்தில் இருக்கும் டிக் வெறும் படம்தான், உண்மையான சரிபார்ப்பு ஃபைலுக்குள் இருக்கிறது. அதனால் பிரிண்டோடு ஃபைலையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மெயிலிலும் அனுப்பிக் கொடுத்தேன்.

இந்த மூன்று சம்பவங்களுக்குப் பிறகு நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. 'இந்த ஃபைலுக்கு எந்தச் செயலி?' என்று முன்பு கேட்பேன். இப்போது 'இதை வைத்து என்ன செய்யப் போகிறேன்?' என்று கேட்கிறேன். பார்க்க ஒன்று, திருத்த ஒன்று, கையெழுத்துச் சரிபார்க்க ஒன்று. ஒரே ஃபைலுக்கு மூன்று செயலி இருப்பதில் தவறில்லை. அப்படியென்றால் டபுள் கிளிக்குக்கு எதை விடுவது? என் தீர்மானம் இதுதான்: எதையும் மாற்ற முடியாததை, அல்லது மாற்றும் முன் கேட்பதை. திருத்துகிற கருவி ரைட் கிளிக்கில் இருக்கட்டும். கை தவறி இரண்டு தட்டு தட்டினாலும் நஷ்டம் வரக்கூடாது.

அந்தக் கணக்கில் என் கடையில் இப்போது படம் என்றால் போட்டோ பார்க்கும் செயலி. ஃபோட்டோஷாப் ரைட் கிளிக்கில். பிடிஎஃப் என்றால் ரீடர், குரோம் இல்லை. வேகம் குறைவுதான், பரவாயில்லை. .ஜேஎஸ், .விபிஎஸ் இரண்டும் டபுள் கிளிக்கில் ஓடிவிடுகிற சின்ன நிரல்கள், அவற்றை நோட்பேடுக்கு விட்டிருக்கிறேன். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் வந்ததே .டிஎக்ஸ்டி என்ற பெயருக்குப் பின்னால் .விபிஎஸ் என்ற வாலை ஒளித்துக்கொண்டுதான். அந்த வகை ஃபைல் நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்து, ஓடாது. நேரடியாக ஓடும் நிரலான .எக்ஸ்இ-க்கு இந்த வழி கிடையாது, அதற்குக் கண்தான் காவல். ஆகையால் எந்தக் கம்ப்யூட்டர் கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் போடுவது. வால் தெரியாமல் ஃபைலைத் தொடவே எனக்குப் பயம்.

.சிஎஸ்விக்கு லிப்ரே ஆபீஸ் கால்க். அது திறக்கும் முன் ஒரு சின்னப் பெட்டியில் எல்லாவற்றையும் கேட்கிறது. எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று கொடுத்து, கீழே முன்னோட்டத்தில் கணக்கு எண் பத்தியின் தலையைச் சொடுக்கி 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பூஜ்யமும் போகாது, 16ஆவது இலக்கமும் போகாது. எக்செல்லில்தான் வேலை என்றால் ஃபைலைத் தொடாமல், முதலில் காலியான எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' போய் 'ஃப்ரம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி' வழியாக உள்ளே எடுக்கலாம். அங்கே 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, தரவு வகையைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஆதார் 12 இலக்கம், அது அழியாது. ஆனால் சாதாரணமாகத் திறந்தால் 'இ+11' என்று சுருங்கித் தெரியும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கினது சுருங்கினதுதான்.

ஒரு ஃபைலுக்கு மட்டும் வேறு செயலி வேண்டும் என்றால் 'ஜஸ்ட் ஒன்ஸ்' போதும். 'ஆல்வேஸ்' என்பதை அவசரத்தில் தொடுவதில்லை. மொத்தமாகப் பார்க்க 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டிஃபால்ட் ஆப்ஸ்'. மேலே உள்ள பெட்டியில் வாலை மட்டும் அடித்தால் இப்போது யார் திறக்கிறார் என்று காட்டும். வீட்டில் இருக்கும் பழைய உபுண்டுவில் ஃபைலின் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'ஓப்பன் வித்'. மேக்கில் 'கெட் இன்ஃபோ', செயலியை மாற்றி 'சேஞ்ச் ஆல்'. பெரிய விண்டோஸ் அப்டேட் எதுவும் வந்த மறுநாள் இந்தப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன், அமைப்பு மாறியிருக்கலாம்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் பென்டிரைவில் இருப்பதைக் கடைக் கம்ப்யூட்டரில் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்துவிடுகிறேன். பால் சங்கத்து லிஸ்டுக்கு அன்று நகல் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

செக்ரட்டரி அண்ணன் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். அது அவருடைய பெருந்தன்மை. லிஸ்ட் தயாரானதும் இரண்டு பேரும் ஒரு வேலை செய்கிறோம். அவர் பையிலிருந்து பாஸ்புக் நகல்களை எடுத்து, ஒவ்வொருவரின் கணக்கிலும் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் படிப்பார். நான் திரையைப் பார்த்து 'சரி' என்று சொல்லிக்கொண்டே வருவேன். பாட்டியின் பெயர் வரும்போது மட்டும் அவர் நாலு இலக்கத்தோடு நிறுத்தமாட்டார், பதினாறையும் படிப்பார்.